நாலு மணிச் சொக்லட்

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துத்தான் ஷிம்லாவின் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியது. அதற்கு முன்பு அவள் பார்க்காத வைத்தியம் இல்லை, கேட்காத பேச்சும் இல்லை. ஆகவே செய்தி தெரிந்ததும் கற்பிட்டியில் அவர்கள் இருந்த ஒழுங்கைக்கே பெருநாள் வந்தது போலாகிவிட்டது. ஒரு வீட்டிலிருந்து மீன் ஆணம் வந்தது, இன்னொரு வீட்டிலிருந்து தொதல் இனிப்பு வந்தது. ஷிம்லா எல்லாவற்றையும் மூடி திறந்து முகர்ந்து பார்ப்பாள். உடனே கிணற்றடிக்கு ஓடுவாள். முதல் மாதங்களில் பச்சைத் தண்ணீர்கூட அவள் வயிற்றில் நிற்கவில்லை. கன்னம் ஒட்டிக் கண் உள்ளே போய்விட்டது.

அவள் புருஷன் அம்ஜத் டொல்பின் பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரரைப் படகில் ஏற்றிப் போகிறவன். விடியக் கடலுக்குப் போனால் வெயில் ஏறும்போது திரும்பிவிடுவான். ஒரு நாள் அப்படித் திரும்பியவன் சட்டைப் பையிலிருந்து பாதிச் சொக்லட் ஒன்றை எடுத்து மேசையில் போட்டான்.

"வெள்ளக்காரி ஒருத்தி தந்தா. நீ திங்கமாட்டாய். பக்கத்து வீட்டுப் புள்ளைகளுக்குக் குடு."

உண்மைதான். ஷிம்லா எந்தக் காலத்திலும் இனிப்புக்காரி அல்ல. பெருநாளில் எல்லாரும் வட்டிலப்பத்துக்கு அடிபட, அவள் நார்த்தங்காய் ஊறுகாய் போத்தலோடு ஒதுங்கி உட்கார்ந்திருப்பாள். ஆனால் அன்றைக்கு அந்த வெள்ளித் தாளை விரித்ததும் ஒரு வாசம் எழும்பியது. வறுத்த வாசமும் பால் வாசமும் கலந்து, நெஞ்சுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. ஒரு துண்டை உடைத்து நாக்கில் வைத்தாள். அது கரைந்தது. குமட்டல் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. இன்னொரு துண்டை வைத்தாள்.

அன்றைக்குத்தான், கனகாலத்துக்குப் பிறகு, தின்றது வயிற்றில் தங்கியது.

அம்ஜத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தப் பின்னேரமே கடைக்குப் போய் அகப்பட்ட சொக்லட்டெல்லாம் வாங்கி வந்தான். குவைத்தில் இருந்த அவன் தங்கை றைஸாவுக்குச் செய்தி போனது. அடுத்த மாதமே ஊருக்கு வந்த யாரோ ஒருவர் கையில் ஒரு பெரிய பொதி வந்து சேர்ந்தது. வட்டம், சதுரம், உள்ளே கஜுப் பருப்பு வைத்தது, தங்கத் தாள் சுற்றியது. ஷிம்லா அதை அலுமாரியில் உடுப்புகளுக்குக் கீழே வைத்தாள். இரவு படுக்கும்போது அலுமாரிக் கதவைப் பார்த்தபடி படுப்பாள். காலையில் கண் விழிக்கும்போது முதல் நினைவு அதுவாகத்தான் இருக்கும். உடம்பு தேறியது. முகத்தில் களை வந்தது. வாந்தி நின்ற பிறகும் அந்த ஆசை மட்டும் நிற்கவில்லை. வயிறு வளர வளர அதுவும் சேர்ந்து வளர்ந்தது.

ஷிம்லாவின் உம்மா மௌத்தாகி இரண்டு வருஷமாகியிருந்தது. அதனால் பிள்ளைத்தாச்சியைப் பார்த்துக்கொள்ள அம்ஜத்தின் தாய் றஹ்மத் உம்மா ஆலங்குடாவிலிருந்து வந்து சேர்ந்தாள். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க, சத்தம் போட்டுக் கதைக்காத மனுஷி. வந்த அன்றைக்கே மருமகளின் கையைப் பிடித்துக் கேட்டாள்.

"ஒனக்கு என்னத்தில புள்ள ஆசை?"

"சொக்லட் மாமி," என்றாள் ஷிம்லா வெட்கத்தோடு.

"அப்ப தின்னு. அடக்காத. புள்ளத்தாச்சிட ஆசைய அடக்கினா பொறக்கிற புள்ளைக்குத்தான் கேடு."

இதைத்தான் ஊரும் சொல்லும். கேட்டதைக் கொடுக்காவிட்டால் பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பார்கள். ஆனால் றஹ்மத் உம்மா அதை ஊர்க்கதையாகச் சொல்லவில்லை. அவள் பிடி இறுகியிருந்ததை ஷிம்லா கவனித்தாள். அதற்குக் காரணம் அன்றைக்கு விளங்கவில்லை.

*

ஆறாம் மாதம் கிளினிக்கில் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து இரத்தம் எடுத்தார்கள். முடிவைப் பார்த்ததும் புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே இருந்தவர் ஒரு சிங்களப் பெண் டொக்டர். இளவயது. தெரிந்த தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து, பொறுமையாகச் சொன்னார்.

"அம்மாக்கு சீனி கூட. வயித்தில பிள்ளை இருக்கிறதால வாற சீனி. பயம் வேண்டாம். ஆனா கவனம் வேணும். அம்மா இனிப்பு சாப்பிட்டா, பிள்ளைக்கும் போகுது. பிள்ளை பெரிசாகும், பொறக்கக் கஷ்டம். முதல்ல சாப்பாடு பார்ப்போம். சரி வராட்டி ஊசி."

"ஊசியென்றால் இன்சுலின்," என்று பக்கத்தில் நின்ற தாதி விளங்கப்படுத்தினாள்.

ஒன்பது வருஷம் காத்திருந்து கிடைத்த பிள்ளைக்குத் தன் வாயாலேயே கேடு செய்துவிட்டோம் என்ற ஒரே எண்ணம்தான் ஷிம்லாவின் தலைக்குள் சுற்றியது. திரும்பும்போது பாலாவிச் சந்தியில் பஸ் மாற வேண்டியிருந்தது. லொறிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. வெயிலில் உப்பளப் பாத்திகள் கண்ணைக் கூசவைத்தன. பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை. சரம் சரமாகச் சொக்லட் பைக்கட்டுகள் தொங்கின. ஷிம்லா அதைப் பார்த்தாள். கூட வந்திருந்த அம்ஜத் அவள் பார்ப்பதைப் பார்த்தான். எழும்பிப் போய், அவளுக்கும் கடைக்கும் நடுவில் மறைத்துக்கொண்டு நின்றான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

வீட்டுக்கு வந்ததும் அலுமாரியில் மிச்சமிருந்ததை எடுத்து மாமியிடம் கொடுத்தாள். "எங்கயாவது குடுத்துருங்க மாமி. எண்ட கண்ணுல காட்டாதீங்க."

றஹ்மத் உம்மா வாங்கிக்கொண்டாள். முகம் மட்டும் இருண்டு போனது.

ஷிம்லா சொன்னதைச் செய்கிறவள். பாண் ரொட்டியை விட்டாள். தேத்தண்ணிக்குச் சீனியை விட்டாள். தவிட்டரிசிச் சோறு கைப்பிடி அளவு, வல்லாரைச் சுண்டல், மீன் ஆணம், காலையில் குரக்கன் பிட்டு. பயத்தில் சில நாள் மத்தியானச் சோற்றையும் பாதியில் விட்டு எழும்பிவிடுவாள். பின்னேரம் வெயில் சாயத் தொடங்கும்போதுதான் சோதனை. வாயெல்லாம் ஊறும். எழுந்து நடப்பாள், குர்ஆன் ஓதுவாள், துணி மடிப்பாள். மடித்த துணியையே மறுபடி விரித்து மடிப்பாள்.

ஒரு பின்னேரம் தலையணையைத் திருப்பிப் போட்டபோது தங்கத் தாள் சுற்றிய சொக்லட் ஒரு பிடி கீழே கிடந்தது. யார் வைத்தது என்று கேட்கத் தேவையில்லை. ஷிம்லா கட்டிலில் உட்கார்ந்தாள். வெளியே முற்றத்தில் மாமி தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒன்றை எடுத்தாள். பிறகு எல்லாவற்றையும் தின்றாள். ருசி பார்த்தெல்லாம் தின்னவில்லை. ஒன்று தொண்டையைத் தாண்டுமுன்னே மற்றதை உரித்தாள். கடைசித் தாளையும் நக்கிவிட்டு, அந்தத் தாள்களை உருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டு அழுதாள்.

*

அடுத்த நாள் வீட்டுக்கு வந்தவர் அந்தப் பகுதியின் குடும்பநலத் தாதி றோசலின் மிஸ். அவருடையது சண்டைக் காலத்தில் வன்னியிலிருந்து வந்து புத்தளத்திலேயே தங்கிவிட்ட குடும்பம். ஸ்கூட்டரை வேலியோரம் நிறுத்திவிட்டு, குடையைச் சுருக்கிக்கொண்டு வந்து கதிரையில் அமர்ந்தார். விரலில் குத்திச் சீனி பார்த்தார். மெஷினைப் பார்த்துவிட்டு ஷிம்லாவின் முகத்தைப் பார்த்தார்.

மாமி கடைக்குப் போயிருந்த நேரம் அது. ஷிம்லா ஒளிக்காமல் சொன்னாள். ஏச்சு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

"எந்த நேரம் இந்த ஆசை வாறது?" என்று கேட்டார் மிஸ்.

"அஸர் தொழுகைக்குப் பொறகு. நாலு மணி போல."

"மத்தியானம் என்ன சாப்பிட்டனீங்கள்?"

ஷிம்லா சொன்னாள். மிஸ் பெருமூச்சு விட்டார்.

"இவ்வளவுதானா? பட்டினி கிடந்தா ஆசை பேயா வரும் பிள்ளை. சோத்தை ஒழுங்காச் சாப்பிடுங்கோ. நாலு மணிக்குச் சின்னதா ஒண்டு சாப்பிடத்தான் வேணும், அது நானே சொல்லுறன். சொக்லட்டில உங்களுக்கு எது பிடிக்குது? இனிப்பா, அந்த வாசமா?"

இப்படி யாரும் கேட்டதில்லை. ஷிம்லா கண்ணை மூடி யோசித்தாள். முதல் நாள் தாளை விரித்தபோது எழுந்த வாசம் நினைவுக்கு வந்தது.

"வாசம்தான் மிஸ். கரையிற விதமும். இனிப்பு எனக்கு எப்பவும் பிடிக்காது."

"பிறகென்ன. சொக்லட்டில கெடுதல் செய்யிறது சீனி. வாசம் கொக்கோவில இருந்து வாறது. சீனி போடாத கொக்கோத் தூள் புத்தளத்தில வாங்கலாம். கொஞ்சமாப் பாவிச்சுப் பாருங்கோ. சாப்பிட்டு ரெண்டு மணித்தியாலத்தால சீனி பார்ப்பம். கூடினா விட்டிடுவம். டொக்டரிட்டையும் நான் சொல்லுறன்."

அம்ஜத் மறுநாளே கொக்கோத் தூள் வாங்கி வந்தான். ஷிம்லா அதைச் சீனியில்லாத பாலில் கலக்கி ஒரு வாய் குடித்துவிட்டு, வேப்பிலைக் கசாயம் குடித்தவள் போல முகத்தைச் சுளித்தாள். அம்ஜத் வாங்கிக் குடித்துப் பார்த்தான். "படகுக்கு அடிக்கிற தார் மாதிரி ஈக்கி," என்றான். இருவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டுக் கொஞ்ச நாளாகியிருந்தது.

பிறகு அவள் விடவில்லை. குசினியில் ஒரு பிடிவாதம் தொடங்கியது. தயிரில் கலக்கிப் பார்த்தாள், புளித்தது. தேங்காய்ப்பூவில் பிசைந்து பார்த்தாள். வாசம் வந்தது, கரையவில்லை. கச்சான் கடலையை வறுத்து, தோலைத் தேய்த்து ஊதி, எண்ணெய் விடுகிற வரைக்கும் அரைத்தபோதுதான் வழி தெரிந்தது. அந்தக் கச்சான் களியில் கொக்கோத் தூளும் கட்டியான தேங்காய் முதல் பாலும் ஒரு சிட்டிகை கறுவாப்பட்டைத் தூளும் சேர்த்துக் கிண்டினாள். முழுத் தட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு பேரீச்சம்பழத்தை மசித்துப் போட்டாள். ஆனாலும் ஏதோ குறைந்தது. நாக்கின் நுனியில் கசப்பு ஒட்டிக்கொண்டு நின்றது. சமையலில் கசப்பு மிஞ்சினால் என்ன செய்வோம் என்று யோசித்து, உப்புச் சிரட்டையிலிருந்து ஒரு கிள்ளு எடுத்துப் போட்டாள். கசப்பு பின்வாங்கியது. பிரிட்ஜில் வைத்து இறுகிய பிறகு ஒரு துண்டு வெட்டி வாயில் வைத்தாள். அது கரைந்தது.

அவள் குசினித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று முதல் நாலு மணியென்றால் ஷிம்லாவுக்குப் பயம் இல்லை. பிரிட்ஜைத் திறந்து, தீப்பெட்டி அளவில் ஒரு துண்டு எடுத்து, சாய்வுக் கதிரையில் உட்கார்ந்து மெதுவாகத் தின்பாள். மென்று விழுங்கமாட்டாள், நாக்கில் வைத்துக் கரையவிடுவாள். றோசலின் மிஸ் சொன்னபடி பார்த்ததில் சீனி அடங்கித்தான் இருந்தது. புத்தளத்து டொக்டரும் விசாரித்துவிட்டு, "கொஞ்சம் எண்டா சரி," என்று சிரித்தார்.

*

இரண்டு கிழமை போயிருக்கும். சீனி மறுபடி ஏறியது. மிஸ் மெஷினை மாற்றிப் பார்த்தார், வேறு விரலில் குத்திப் பார்த்தார். ஏற்றம் ஏற்றம்தான். சாப்பிட்டதெல்லாம் கேட்டார். ஷிம்லா சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை.

மிஸ் போன பிறகு அம்ஜத் வாசலில் நின்று படகுக் கயிற்றை முறுக்கிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் கேட்டான்.

"ஒளிச்சுத் திண்டியா?"

"அல்லாஹ்ட மேல ஆணை, இல்ல."

"ஏசமாட்டேன் ஷிம்லா. செல்லு."

"நான் திண்டிருந்தா மிஸ்ஸிட்டயே செல்லியிருப்பேன். போன முறை செல்லல்லையா?"

அவன் மேலே கேட்கவில்லை. நம்பவும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அது ஊசியைவிட வலித்தது.

அன்றைக்கு நாலு மணித் துண்டை வாயில் வைத்தபோது அவள் நிதானித்துப் பார்த்தாள். கரைந்தது, வாசம் இருந்தது. ஆனால் கசப்பு அறவே இல்லை. சில நாட்களாகவே ருசி கூடிக்கொண்டு வந்தது தன் கை பழகியதால் என்றல்லவா நினைத்திருந்தாள்! அடியில் ஒரு பிசுபிசுப்பு. பின்னாலே ஒரு புகை மணம். வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு எழும்பி, தட்டோடு குசினிக்குப் போனாள்.

றஹ்மத் உம்மா அடுப்பங்கரையில் நின்றாள். முன்னால் மறுநாளைக்கென்று ஷிம்லா கிண்டித் தட்டில் ஆறவைத்திருந்த கலவை. கையில் கித்துள் பாணிப் போத்தல். ஊற்றின கை ஊற்றினபடி நின்றது. பாணி நூலாக இறங்கிக் கலவையில் வளையமிட்டது.

"மாமி," என்றாள் ஷிம்லா.

றஹ்மத் உம்மா போத்தலை நிமிர்த்தி மூடியைப் போட்டாள்.

"பாணி சீனி இல்லையே புள்ள. மரத்தால வாறது. மருந்துக்கும் ஊத்துவாங்க."

"மாமி, மிஸ் ஒங்கள்ட்டயும் செல்லல்லையா? பாணி, தேன், சக்கரை எல்லாம் ஒண்டுதான் எண்டு?"

"செல்லிச்சி."

"அப்ப?"

மாமி குசினிப் பலகையில் உட்கார்ந்தாள். ஷிம்லாவுக்குக் கோபம் இருந்தது. புருஷனின் முகம் கண்ணுக்குள் நின்றது. ஆனாலும் அந்த மனுஷியின் தோள் குலுங்கத் தொடங்கியதும் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ அதத் திங்கக்குள்ள ஒண்ட மொகத்தப் பாத்தேன்," என்றாள் றஹ்மத் உம்மா. "கசப்பத் திண்டுட்டு ஆசை தீந்துட்டு எண்டு செல்றாய். எனக்குப் பயம் புள்ள. மனசுக்குள்ள ஆசைய வச்சிக்கிட்டு இருந்துட்டா..."

"இருந்துட்டா என்ன மாமி?"

அடுப்பில் சட்டியின் மூடி கொதியில் தட்டியது. றஹ்மத் உம்மா எழும்பி அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தாள்.

"தொண்ணூறில எங்கட சனத்த வெரட்ட, எருக்கலம்பிட்டியால நாங்க வெளிக்கிட்டு வந்த கதை ஒனக்குத் தெரியும். தோணியில வந்தோம். அம்ஜத் சின்னவன், எண்ட மடியில. வயித்தில இன்னொண்டு இருந்திச்சி. அஞ்சு மாசம். அது ஆருக்கும் தெரியாது, எண்ட மாப்புளைக்கும் உம்மாக்கும் மட்டும்தான் தெரியும். கடல் அடிக்கிது, புள்ளைகள் அழுகுது. எனக்கு முன்னால ஒரு பொம்புள தண்ட புள்ளைக்குத் தோடம்பழம் உரிச்சிக் குடுத்தா. அந்த வாசம் இருக்கே..." அவள் நிறுத்தினாள். "ஒரு சுளை. ஒரு சுளை கேட்டிருந்தா தந்திருப்பா. ஊட விட்டு, ஊர விட்டு எல்லாரும் அழுதுக்கிட்டு வாற நேரத்தில நாக்குக்கு ருசி கேக்கிறதா எண்டு வெக்கப்பட்டு இருந்துட்டேன். இங்க வந்து எறங்கி, ஒரு பள்ளிக்கூடத்தில படுத்துக் கிடந்த நேரம் அது போய்ட்டு. அலைச்சல்ல போய்ட்டு எண்டாங்க. எனக்குத் தெரியும் எதால போனதெண்டு."

ஷிம்லா பேச வாயெடுத்தாள். இதை யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா என்று கேட்க நினைத்தாள். சொல்லவில்லை என்பது மாமியின் முகத்திலேயே இருந்தது.

"தோடம்பழத்தால போகல்ல மாமி," என்றாள் மெதுவாக. "குடிக்கத் தண்ணி இல்லாம, படுக்க எடம் இல்லாம வந்தீங்க. அது ஒங்கட குத்தம் இல்ல."

றஹ்மத் உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கேட்டாளே தவிர ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. இத்தனை வருஷம் உள்ளே கிடந்ததை ஒரு வார்த்தை எடுத்து எறிந்துவிடுமா?

ஷிம்லா எழும்பினாள். பாணி படாமல் அந்தக் கலவைத் தட்டின் மறுமூலையில் மிஞ்சியிருந்த கலவையை ஒரு கரண்டியில் வழித்தெடுத்தாள். மாமிக்கு நேரே உட்கார்ந்து வாயில் வைத்தாள்.

"எண்ட மொகத்தப் பாருங்க மாமி. நல்லாப் பாருங்க."

அவள் அவசரப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கரையவிட்டாள். கசப்பு முன்னால் வந்தது, பிறகு கச்சான் வாசம், பிறகு தேங்காய்ப்பால் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு வந்தது. றஹ்மத் உம்மா இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆசை தீந்துட்டா?"

"தீந்துட்டு."

"வாய் செல்லுது. மனசு?"

"மனசும்தான் மாமி. நான் இனிப்புக்காரியா? எண்ட கல்யாணத்திலயே வட்டிலப்பம் திங்காதவள் நான்."

றஹ்மத் உம்மாவின் உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. கரண்டியை வாங்கி, அடியில் ஒட்டியிருந்ததை வழித்துத் தன் வாயில் வைத்தாள். முகம் கோணியது. கொஞ்சம் பொறுத்து, நாக்கால் அண்ணத்தைத் தடவிக்கொண்டாள்.

"கசக்கத்தான் செய்யிது," என்றாள். பிறகு, "ஆனா போகல்ல. வாய்க்குள்ளயே நிக்கிது."

"நாளையில இருந்து நீங்களே கிண்டித் தாங்க," என்றாள் ஷிம்லா. "கச்சான் அரைக்க எனக்குக் கை நோகுது. ஆனா பாணி போத்தல் அந்தப் பக்கம் வரக் கூடாது."

"வராது."

பொழுதுபட்டு அம்ஜத் வந்ததும் றஹ்மத் உம்மாவே முற்றத்துக்குப் போய் அவனிடம் பேசினாள். என்ன சொன்னாள், எவ்வளவு சொன்னாள் என்று ஷிம்லாவுக்குத் தெரியாது. அவன் உள்ளே வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் அவள் வீங்கிய காலைப் பிடித்துவிட்டான்.

"கேட்டிருக்கக் கூடாது," என்றான்.

"கேட்டது குத்தமில்ல. நம்பாததுதான்," என்றாள் அவள். ஆனால் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

*

எல்லாம் அதோடு சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சீனி இறங்கியது, ஒரு மாதம் போல ஒழுங்காக நின்றது. கடைசி மாதத்தில் ஷிம்லா எவ்வளவு கவனமாக இருந்தும் மறுபடி மெல்ல ஏறியது. டொக்டர் கொஞ்சக் காலத்துக்கு ஊசி எழுதினார். ஷிம்லா உடைந்துபோனாள். அன்றைக்கு றோசலின் மிஸ் ஸ்கூட்டரை வெயிலிலேயே விட்டுவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்கள் தோக்கேல்லைப் பிள்ளை. கடைசி மாசத்தில உடம்பு அப்பிடித்தான் செய்யும். இவ்வளவு காலமும் ஊசியில்லாமல் கொண்டுவந்தது நீங்கள்தானே."

ஊசி போட றஹ்மத் உம்மா பழகிக்கொண்டாள். முதல் நாள் பிஸ்மி சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு குத்தப் போனவளை ஷிம்லா கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. "கண்ணத் தொறந்துக்கிட்டுக் குத்துங்க மாமி!"

புத்தளம் ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை பெண் பிள்ளை பிறந்தது. பெரிய பிள்ளையும் அல்ல, சிறிய பிள்ளையும் அல்ல. குதிக்காலில் குத்திப் பிள்ளையின் சீனியையும் பார்த்தார்கள், குறையில்லை என்றார்கள். அம்ஜத் வாசலில் நின்று பிள்ளையின் காதில் பாங்கு சொல்லும்போது குரல் உடைந்து, மறுபடி ஆரம்பத்திலிருந்து சொன்னான். ஷிம்லாவுக்கு அப்போது வேண்டியிருந்தது ஒரு கோப்பை சுடுதேத்தண்ணியும் நித்திரையும்தான்.

ஆறு கிழமை கழித்துப் பார்த்தபோது அவளுக்குச் சீனி வழமைக்கு வந்திருந்தது. "ஆனா பிறகு வரக் கூடும், வருஷா வருஷம் பாக்க வேணும், சாப்பாட்டை விட்டிடாதேங்கோ," என்று மிஸ் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனார். விடுகிற எண்ணம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. அம்ஜத் கடலுக்குப் போகும்போது சோற்றுப் பொதியோடு இரண்டு கறுப்புத் துண்டும் கொண்டு போனான். படகில் ஏறிய வெள்ளைக்காரர் ஒருவர் தின்றுவிட்டு எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்டாராம்.

பிள்ளையைப் பார்க்க நாற்பது நாள் கழிந்ததும் ஆட்கள் வந்தார்கள். புத்தளத்திலிருந்து வந்த தூரத்துச் சொந்தக்காரப் பெண்ணொருத்தி, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு றஹ்மத் உம்மாவோடு ஊர்க்கதை கதைத்தாள். யார் எங்கே இருக்கிறார்கள், யாருக்கு எத்தனை பேரப்பிள்ளைகள் என்று கதை போனது.

"ஒங்களுக்கு எத்தின புள்ளைகள் ராத்தா? மூணுதானே?"

றஹ்மத் உம்மா தேத்தண்ணிக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்குவதை நிறுத்தவில்லை. குரலும் மாறவில்லை.

"நாலு," என்றாள். "ரெண்டாவது தங்கல்ல."

வாசல் நிலையில் சாய்ந்து நின்ற அம்ஜத் நிமிர்ந்து தாயைப் பார்த்தான். வந்தவள் "அல்லாஹ்ட நாட்டம்" என்று சொல்லிவிட்டு அவள் கையைத் தொட்டாள். ஷிம்லா எழும்பிப் போய் மாமியின் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு குசினிக்கு நடந்தாள்.